முந்தின நாள் வந்தவர்

"நகத்துக்கு லீவு கிடையாது சார்" என்றாள் ரேடியோ.

மேஜை முழுக்கக் கைகளின் புகைப்படங்கள். அரசுப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் முப்பத்திரண்டு நோயாளிகளின் கைகள். நோயாளிகளைக் கட்டிலோடு கட்டிப் போடுகிறார்களா என்று பார்க்க, ஒவ்வொரு ஆய்விலும் மணிக்கட்டைப் படம் எடுப்பது வழக்கம். மூக்கர் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ விரல்களைப் பார்த்தாள்.

அவளுக்கு ஏன் ரேடியோ என்று பெயர் வந்தது என்பதை அவளோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பதினெட்டு வருஷம் நீதிமன்றத்தில் வாயை மூடிக்கொண்டு தட்டச்சு அடித்தவள், அந்தப் பாக்கியை எல்லாம் மூக்கரிடம் வேலைக்குச் சேர்ந்தபிறகு பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். மூக்கர் ஒரு காலத்தில் சுகாதாரத் துறை ஆய்வாளர். கெட்டுப்போன மருந்தை மூடி திறக்காமலே சொல்லிவிடுவார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். திரைக்குப் பின்னால் அவர் மனைவியின் தையல் மெஷின் ஓடும்.

"இந்த இல்லத்துல நகம் வெட்டுறது ஞாயிற்றுக்கிழமைன்னு போர்டு எழுதி மாட்டியிருக்காங்க. சரியா? அப்போ செவ்வாய்க்கிழமை எடுத்த படத்துல நகம் குட்டையா இருக்கணும். வெள்ளிக்கிழமை படத்துல கொஞ்சம் வளர்ந்திருக்கணும். மூணு ஆய்வுலயும் ஒரே நீளம் சார். முப்பத்திரண்டு பேருக்கும். என் வீட்டுக்காரர் ஒருத்தருக்கு நகம் வெட்ட வைக்கவே நான் மூணு நாள் கத்தணும்."

மூக்கர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "முந்தின நாள் வெட்டியிருக்காங்க."

"அதாவது, மறுநாள் ஆய்வுன்னு தெரிஞ்சிருக்கு."

"திடீர் ஆய்வு" என்றார் மூக்கர் மெதுவாக.

விஷயம் இதுதான். நலவாழ்வு, மனித சேவைகள் கண்காணிப்புச் சட்டம் என்று ஒன்றை மாநிலச் சட்டமன்றம் ஒரு வருஷத்துக்கு மட்டும் சோதனையாகக் கொண்டுவந்திருந்தது. அதன் பதினொன்றாம் பிரிவு, எந்த இல்லத்துக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கும் உரிமையைச் சட்டமன்றக் கண்காணிப்புக் குழுவுக்குத் தந்தது. முதல் ஆய்வில் ஒன்பது பேர் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தார்கள். ஊரே கொதித்தது. அதற்குப் பிறகு நடந்த மூன்று ஆய்விலும் இல்லம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே வேலை பார்க்கும் ஓர் ஆயா மட்டும், 'இன்னும் கட்டுறாங்க' என்று குழுவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

சட்டத்தை நிரந்தரமாக்கும் மசோதா இன்று மாலை நாலு மணிக்குக் குழுவின் முன் வருகிறது. 'மூணு ஆய்வுலயும் குறை இல்லையே, இனிமேல் பதினைந்து நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வாருங்கள்' என்று பிரிவை மாற்றச் சொல்லித் துறைச் செயலாளர் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். தேதி எப்படிக் கசிகிறது என்று நாலு மணிக்குள் தெரிய வேண்டும் என்று குழுத் தலைவி காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"தேதி யாருக்கெல்லாம் தெரியும்?" என்று ரேடியோ விரலை மடக்கினாள். "தலைவி அம்மாவுக்கு. அவங்களுக்குத் தேதி குறிச்சுக் கொடுக்கிற உங்களுக்கு. ஆய்வுக்குப் போற நர்ஸுங்ககூட வண்டியில ஏறின பிறகுதான் கவரைப் பிரிக்கிறாங்க. ரெண்டே பேர். தலைவி அம்மா தன் சட்டத்துக்குத் தானே குழி தோண்ட மாட்டாங்க. அப்போ நீங்கதான் சார். கையை நீட்டுங்க, விலங்கு மாட்டுறேன்."

மூக்கர் சிரித்தார். தையல் மெஷின் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

*

இல்லத்துக்கு எதிர்வரிசையில் ஒரு மருந்துக்கடை. அதன் வாசல் பெஞ்சில், பன்னிரண்டு மணிக்கு வேலை முடித்து வந்த ஆயா, கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரேடியோ. கடைக்காரரிடம் ஏதோ விலை கேட்பவர் போல மூக்கர்.

"இல்லத்தைப் பார்த்துக்கிற மேட்ரனுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?" என்றாள் ரேடியோ.

"போனெல்லாம் இல்லம்மா. அந்த போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். சாயந்திரம் திடீர்னு மேட்ரன் கூடத்துக்கு வருவாங்க. 'நாளைக்கு வந்துடுவாங்க, கட்டை அவுத்து விடுங்க, குளிக்க வைங்க, நகத்தை வெட்டுங்க'ன்னு கத்துவாங்க. துணியால கட்டுறதுதானே, ஒரு ராத்திரியில தடம் மறைஞ்சிடும். எப்படிம்மா தெரியும்னு ஒரு தடவை கேட்டேன். சிரிச்சாங்க. 'பதினேழு வந்தாச்சு'ன்னாங்க."

"பதினேழா?"

"அவ்வளவுதான். மூணு தடவையும் அதேதான். 'பதினேழு வந்தாச்சு.'"

கடைக்காரர் எடுத்து வைத்த மாத்திரை அட்டையை மூக்கர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையும் படிக்கவில்லை என்று ரேடியோவுக்குத் தெரிந்தது. அட்டை தலைகீழாக இருந்தது.

"உள்ளே இருக்கிறவங்களுக்குச் சொந்தக்காரங்க கிடையாதா? அவங்க பார்த்துக் கேட்க மாட்டாங்களா?" என்று ரேடியோ கேட்டாள்.

"நிறைய பேருக்கு இதே ஊர்லதான் இருக்காங்க. யாரு வர்றாங்க?"

"பழைய சைக்கிளைக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவாங்க. கூடப் பிறந்தவனைக் கொண்டுவந்து போட்டுட்டு எப்படித்தான் சோறு இறங்குதோ. இவங்களைக் கட்டினா தப்பில்லை, அந்தச் சொந்தக்காரங்களைக் கட்டிப் போடணும்."

ஆயா சிரித்தாள். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில், 'ரேடியோ, சத்தத்தைக் குறை' என்பார் மூக்கர். இன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆயா போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

"பதினேழாம் நம்பர் பஸ்" என்றார் கடைசியில். "இல்லத்து வாசல்ல நிக்குது. யாரோ அதுல வந்து தகவல் சொல்றாங்க. நீ டெப்போவுக்குப் போய் விசாரி. நான் வீட்டுக்குப் போய் மத்த காகிதத்தைப் பார்க்கிறேன்."

அவர் நடந்து போனதைப் பார்த்தாள் ரேடியோ. வேகமாக நடக்கிற மனிதர். இன்று யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல நடந்தார்.

*

டெப்போவில் நேரக் காப்பாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினேழா? இருபது நிமிஷத்துக்கு ஒண்ணும்மா. காலையில அஞ்சரைக்கு ஆரம்பிச்சா ஓடிக்கிட்டே இருக்கும். என்னைக்கு வந்ததுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? என்னைக்கு வரலைன்னு கேளு, சொல்றேன்."

ரேடியோ வெளியே வந்து ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வருவதைப் பார்த்து யாராவது 'வந்தாச்சு' என்று சொல்வார்களா? அபூர்வமாக வருகிற ஒன்றுதான் அடையாளமாக இருக்க முடியும். இது அவளுக்கே தோன்றுகிறது. மூக்கருக்கா தோன்றாது?

தெரிந்தேதான் தன்னை இங்கே அனுப்பியிருக்கிறார்.

அந்த நினைப்பு வந்ததும் பையைத் திறந்தாள். காலையில் குழு அலுவலகம் அனுப்பிய காகிதக் கட்டு, இன்னும் யாரும் பிரிக்காதது, அதில் இருந்தது. இல்லத்துப் பார்வையாளர் பதிவேட்டின் நகல்கள். தேதி, கிழமை, கையெழுத்து, கட்டில் எண், உறவு, இப்படிக் கட்டம் கட்டமாக.

பதினேழு என்ற எண்ணைத் தேடினாள். வருஷம் முழுக்கப் புரட்டியதில் நாலே இடத்தில் இருந்தது. ஒரு புதன். முதல் ஆய்வு வியாழன். ஒரு செவ்வாய். இரண்டாம் ஆய்வு புதன். ஒரு வியாழன். மூன்றாவது வெள்ளி. ஒரு திங்கள். நாலாவது செவ்வாய்.

பதினேழாம் கட்டிலுக்கு ஆள் வந்தால், மறுநாள் ஆய்வு வரும். முதல் தடவை பட்டுத் தெரிந்துகொண்ட மேட்ரன், அடுத்த தடவை சோதித்துப் பார்த்திருக்கிறாள். பலித்துவிட்டது. யாரும் யாருக்கும் எதையும் சொல்லவே இல்லை.

"அடி கெட்டிக்காரி" என்று மேட்ரனை வாய்விட்டே மெச்சினாள். உறவுக் கட்டத்தைப் பார்த்தாள். 'தம்பி மனைவி' என்று இருந்தது.

பிறகு அவள் கண் கிழமை எழுதிய இடத்துக்குப் போனது. 'கிழமை' என்பதில் இருந்த ழகரத்தின் வால், பக்கத்து எழுத்துகளுக்கு அடியில் கோடு போட்டது மாதிரி நீண்டு ஓடியது. வியாழக்கிழமையில் இரண்டு வால்.

அந்த வாலை அவள் தினமும் பார்க்கிறாள். அவள் வெளியே போயிருக்கும்போது வரும் தொலைபேசித் தகவல்களைத் துண்டுச் சீட்டில் எழுதி மேஜைமேல் வைப்பது மூக்கரின் மனைவி. 'வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.' 'திங்கட்கிழமை கூப்பிடுவார்களாம்.'

பஸ்கள் வந்தன, போயின. ரேடியோ காகிதத்தை மடித்தாள். கட்டிப் போடணும் என்று சொன்னோமே, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னோமே என்று நினைத்தபோது காது மடல் கொதித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு போகவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. குழுவுக்கு வேலை செய்கிறவர்கள் ஒரு உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். 'ஆய்வுக்கு உட்பட்ட இல்லங்களில் உறவினர் எவரேனும் உள்ளனரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தட்டியது அவள்தான். அவரைக் கேட்கவில்லை. எல்லாப் படிவத்திலும் அடிக்கிற மாதிரி அடித்துவிட்டு, கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "என்ன சார், கையெழுத்து மறந்துபோச்சா?" என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்திருந்தாள்.

*

முன்னறையில் மூக்கர் உட்கார்ந்திருந்தார். எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. மெஷின் ஓடவில்லை. மனைவி திரையைப் பிடித்தபடி நின்றார்.

ரேடியோ நகல்களை மேஜைமேல் வைத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அக்கா, ழ நல்லா எழுதுறீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுகை வந்தது.

மூக்கர் காகிதத்தைத் தொடவில்லை. "என் அண்ணன்" என்றார். "அச்சகத்துல பிழை திருத்துற வேலை. ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அவர் கண்ணுல படாம போகாது. திடீர்னு மனசு பிசகிப்போச்சு. ஒரு நாள் நடுத்தெருவுல துணியில்லாம நின்னார். நான் அப்போ ஆய்வாளர். ஊர்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும். சிரிச்சாங்க. அந்த வாரமே கொண்டுபோய் விட்டேன். ஒன்பது வருஷம். கேட்கிறவங்ககிட்ட அண்ணன் வெளியூர்ல இருக்கார்னு சொல்லிட்டேன். ஒரு தடவைகூடப் போகலை."

"நீங்க தேதியை அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்லை."

"அவர் சொல்லலை" என்றார் மனைவி. "ஒன்பது வருஷத்துல அண்ணனைப் பத்தி வாயே திறக்காத மனுஷன். போன வருஷம் ஒரு புதன்கிழமை மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, 'அண்ணன்கிட்ட நல்ல சட்டை இருக்குமா?'ன்னார். அவ்வளவுதான். எனக்கு மனசு கேட்கலை. ஒரு சட்டை தைச்சு எடுத்துட்டுப் போனேன். வாசல் அறைக்குக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. மறுநாள் ஆய்வு நடந்துச்சுன்னு பேப்பர்ல பார்த்துத்தான் புரிஞ்சுது. அப்புறம் அவர் எப்போ அந்தக் கேள்வியைக் கேட்டாலும், நாளைக்குப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். வர்றவங்க அண்ணனைப் பார்த்து, இந்த மனுஷனுக்கு நாதியே இல்லையான்னு நினைச்சிடக் கூடாதுன்னு போனேன்." திரையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "மத்த நாள் நானும் போகலையே. அவருக்காகவா போனேன்? எங்க மானத்துக்காகத்தானே போனேன்."

ரேடியோ மேஜைமேல் கிடந்த மணிக்கட்டுப் படங்களைப் பார்த்தாள்.

"முதல் ஆய்வுல கட்டியிருந்த ஒன்பது பேர்ல..." என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

"பதினேழும் உண்டு" என்றார் மூக்கர். "படத்துல கையைப் பார்த்தே கண்டுபிடிச்சேன். அன்னைக்கே போய் நான் கூட்டிட்டு வந்திருக்கலாம். சட்டம் போய்க் கூட்டிட்டு வரட்டும்னு உட்கார்ந்துட்டேன். ராப்பகலா அந்த மசோதாவுக்கு வேலை பார்த்தேன். எல்லாரும் என்னை நல்லவன்னாங்க."

மணி இரண்டரை. இந்த விஷயம் தெரிந்தவர்கள் அந்த அறையில் இருந்த மூவர் மட்டும்தான். பஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நாலு மணிக்கு யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ரேடியோவுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள். மூக்கருக்கும் வந்திருக்க வேண்டும். அவர் எழுந்து சட்டைக் கைகளை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

"வண்டியைக் கூப்பிடு."

*

குழு அறையில் நீள மேஜை, ஒன்பது உறுப்பினர்கள், நடுவில் குழுத் தலைவி. எதிரே துறைச் செயலாளர் கோப்புகளை ஒரே அளவில் அடுக்கி வைத்திருந்தார். பின்வரிசையில் இரண்டு ஆய்வு நர்ஸுகளும், பத்திரிகைக்காரர்களும்.

மூக்கர் எழுந்து நின்றார். நகத்திலிருந்து ஆரம்பித்தார். 'பதினேழு வந்தாச்சு' வரைக்கும் அறை ரசித்துக் கேட்டது. பிறகு, "பதினேழாம் கட்டில்ல இருக்கிறது என் கூடப்பிறந்த அண்ணன். போனது என் மனைவி. போகக் காரணம் நான். உறவினர் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அது பொய்" என்றார்.

பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோ எழுந்தாள். "அந்த 'இல்லை'யைத் தட்டினது நான்தாங்க. அவரைக் கேட்கலை."

"தட்டினது நீங்க. படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அவர். உட்காருங்க" என்றார் தலைவி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

துறைச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆக, மேடம், இந்தச் சட்டத்தை எழுத உதவினவரே அதை மதிக்கலை. இவர் பேச்சை நம்பி இந்தப் பிரிவை வெச்சுக்கணுமா?"

"என்னை நம்ப வேண்டாம்" என்றார் மூக்கர். தலை குனிந்தே இருந்தது. "ஆனா நான் பண்ணின தப்பை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அந்த இல்லத்துக்குக் கிடைச்சது ஒரே ஒரு சாயந்திரம். ஒரு சாயந்திரத்துல கட்டை அவுத்து, தடத்தை மறைச்சு, முப்பத்திரண்டு பேருக்கு நகம் வெட்டி, மூணு ஆய்வை ஏமாத்திட்டாங்க. நீங்க பதினைந்து நாள் கொடுக்கணும்னு கேட்கறீங்க."

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைப் புரட்டினார்.

தலைவி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. "இன்னைக்குப் பதினேழாம் கட்டிலுக்கு யாராவது வந்தாங்களா?"

"இல்லை" என்றார் மூக்கர்.

"ரெண்டு நர்ஸும் இப்பவே கிளம்புங்க. இல்லம் பத்து நிமிஷம். அவங்க பேசுற வரைக்கும் இந்த அறையை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. போனைத் தொடக் கூடாது. செயலாளர் சார், உங்களையும் சேர்த்துத்தான்."

முப்பத்தைந்து நிமிஷம் கழித்துத் தலைவியின் மேஜைத் தொலைபேசி அடித்தது. அவர் கேட்டார், ஒரு எண்ணை எழுதினார், காகிதத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். கட்டப்பட்டிருந்தவர்கள், பதினான்கு பேர்.

பதினொன்றாம் பிரிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. திருத்தத்துக்குக் கை தூக்கியவர்கள் இரண்டு பேர்.

கூட்டம் கலையும்போது தலைவி மூக்கரிடம் வந்தார். "உங்க பொய்க் கையெழுத்து மேல நடவடிக்கை எடுக்கத்தான் போறேன். எடுக்கலைன்னா இந்தச் சட்டத்துல முதல் ஓட்டையை நானே போட்ட மாதிரி."

"எடுங்க மேடம்."

"அது நாளைக்கு." தலைவி ஒரு கணம் தயங்கினார். "இன்னைக்கு நீங்க வேற எங்கேயோ போகணும்னு நினைக்கிறேன்."

*

இல்லத்தில் மேட்ரனின் அறை பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருந்தது. நர்ஸுகள் கட்டில் கட்டிலாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட கூடம், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், அவிழ்த்துப் போட்ட துணிப் பட்டைகள் தரையில் கிடந்தன. மூக்கர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். ரேடியோ நாலு அடி பின்னால் வந்தாள்.

பதினேழாம் கட்டிலில் நரைத்த தாடியோடு ஒருவர் தன் மணிக்கட்டைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூக்கு அப்படியே மூக்கரின் மூக்கு. ரேடியோவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அண்ணே" என்றார் மூக்கர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வந்தது சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியவில்லை. உடனே இரண்டு பக்கமும் பார்த்தார்.

பதினாறாம் கட்டில்காரர் முட்டியைக் கட்டிக்கொண்டு, "யாருப்பா இது?" என்று கேட்டார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. மூக்கரின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, ரகசியம் போலக் கேட்டார்.

"அன்னைக்கு விட்டுட்டுப் போகும்போது, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னியே. நான் சொல்லலைடா. இவங்க எவ்வளவு கேட்டும் சொல்லலை. இப்போ சொல்லலாமா?"

மூக்கர் சொல்லலாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தார். காலில் செருப்பில்லை. மூக்கரின் கையைப் பிடித்துக்கொண்டு பதினாறாம் கட்டிலுக்குப் போய், "என் தம்பி" என்றார். பதினைந்துக்குப் போனார். "என் தம்பி." பதினான்கில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தட்டி எழுப்பி, அவருக்கும் சொன்னார். மூக்கர் தலை நிமிராமல், சின்னப் பையன் மாதிரி இழுபட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலின் முன்னாலும் நின்று நின்று பின்னால் போனார்.